ஒன்றரை டாலரில் பள்ளிக்கூடமா? மகளின் கதைப் போட்டிக்கு யோசனை வேண்டும்

செம்பனைக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் கதை சொல்லும் போட்டி, தலைப்பு பெண் கல்விக்கு உழைத்தவர். மற்ற பிள்ளைகள் தெரிந்த பெயராக எடுத்துக்கொள்ள, இவள் மட்டும் மேரி மெக்லவுட் பெத்தூன் என்ற கறுப்பின அமெரிக்க ஆசிரியையைப் பிடித்துக்கொண்டாள். நான் தேடிப் படித்த வரைக்கும், 1875இல் தென் கரோலினாவில் மேஸ்வில் பக்கம் பிறந்தவர், அடிமைகளாக இருந்து விடுதலையான அப்பா அம்மாவுக்கு 17 பிள்ளைகளில் 15ஆவது, சின்ன வயதிலேயே பருத்திக் காட்டில் வேலை, 1904இல் புளோரிடாவில் டேடோனா என்ற ஊரில் கையில் ஒன்றரை டாலரோடு ஐந்து பெண் பிள்ளைகளையும் தன் மகனையும் உட்கார வைத்துப் பள்ளி தொடங்கியிருக்கிறார். அது இன்று பல்கலைக்கழகம்.

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "ஒன்றரை டாலர்ல எப்படிம்மா, கரும்பலகை வாங்கவே காணாதே" என்கிறாள். எனக்கும் சினிமாக் கதை மாதிரிதான் படுகிறது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர், பருத்தி என்றதும் நிமிர்ந்து, "நாங்க மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைச்சோம், அவ பஞ்சு பொறுக்கினா" என்று சொல்லிவிட்டு மறுபடி வெற்றிலையில் இறங்கிவிட்டார். ஐந்து நிமிடம்தான் நேரம். எதைச் சொல்வது, எதை விடுவது?

பழைய வாத்தியார்:
சினிமா இல்லை அம்மா. ஒன்றரை டாலர் என்பது அன்றைக்கு அவர் கையிருப்பு, அவ்வளவுதான். வீட்டு வாடகையே மாதம் 11 டாலர். மேசைக்குப் பழைய மரப்பெட்டிகள், பென்சிலுக்குக் கரிந்த கட்டை, மைக்கு எல்டர்பெர்ரி என்ற காட்டுப்பழத்தின் சாறு. அப்புறம் மனை வாங்கக் கிளம்பினார், அதுவும் ஊர்க் குப்பை கொட்டுகிற இடம். முதல் தவணை ஐந்து டாலர். ஐஸ்கிரீமும், சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுடுகிற ஒரு பலகாரமும் செய்து, கட்டட வேலைக்காரர்களிடம் விற்று, அந்தச் சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் மனைக்காரரிடம் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம் பாட்டிகள் கூட்டுக் காசை (சீட்டுப் பணம்) முந்தானையில் முடிந்துகொண்டு போவார்களே, அதே முடிச்சு. மகளை அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், வாயால் சொல்வதைவிட நிற்கும்.

ஏன் டேடோனா என்றும் ஒரு வரி சொல்லட்டும். அங்கே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள், வேலைக்குக் கறுப்பினக் கூலிகள் குடும்பத்தோடு வந்து குவிந்தார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கிடையாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த ஊருக்கே போனார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நேர்ப்பேச்சு:
கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம். தையல், சமையல், தோட்ட வேலை சொல்லிக்கொடுத்த பள்ளி அது. காசு கொடுத்தவர்கள் குளிர்காலத்துக்கு அங்கே வந்து தங்கிய வெள்ளைக்கார முதலாளிகள், சோப்பு கம்பெனி கேம்பிள், தையல் மெஷின் வொய்ட் என்று. அவர்களுக்கு வேண்டியது நல்ல வேலைக்காரிகள். நம் தோட்டங்களிலும் இதே கதைதான். மலாயாவில் 1923 சட்டத்தில் ஏழு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வை என்றார்கள், தோட்டத் துரையும் வைத்தார், எழுத்துத் தெரிந்த கிராணியே (தோட்டக் கணக்கர்) வாத்தியார். படித்துவிட்டு எங்கே போனோம்? பால் வெட்டத்தான்.

பழைய வாத்தியார்:
பாதி சரி சார். தோட்டப் பள்ளியைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன், அதில் படித்தவன் நான். ஆனால் டேடோனாவில் பள்ளி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். கேம்பிள் வந்து, நான் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டிய பள்ளி எங்கே என்று கேட்டபோது என் மனதில் இருக்கிறது என்றாராம் அந்த அம்மா. தையலைக் காட்டிப் பணம் வாங்கினார், கூடவே உயர்நிலைப் பாடமும் நடத்தினார். 1923இல் குக்மன் என்ற இன்னொரு பள்ளியோடு இணைந்து, பின்னால் கல்லூரியானது. வேலைக்காரி போதும் என்றிருந்தால் கல்லூரி எதற்கு? 1911இல் ஆஸ்பத்திரியே கட்டினார், தன் மாணவிக்கு வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரியில் பின் தாழ்வாரத்தில் வைத்து வைத்தியம் பார்த்த ஆத்திரத்தில்.

பெண்களுக்கு ஓட்டு வந்ததும் வயதானவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, ஓட்டுப் போட அன்று கட்ட வேண்டியிருந்த வரிக்குக் காசு வசூலித்து, வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். தேர்தலுக்கு முந்தின இரவு முகமூடி போட்ட கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் ஆட்கள் பள்ளிக்கே வந்து மிரட்டியும், இவர்கள் மறுநாள் ஓட்டுப் போடப் போனார்கள். கிழங்குப் பலகாரத்தோடு கதையை நிறுத்திவிட்டால் பாவம் நல்ல பாட்டி என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாம் டிவிஷன்:
அக்கா, தொடக்கத்துக்கு ஒன்று. சின்னப் பிள்ளையாக அம்மாவோடு வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனபோது ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பெண், கீழே வை, உனக்குப் படிக்கத் தெரியாது என்றாளாம். அங்கே ஆரம்பித்தால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். பிறந்த வருஷத்தில் ஆரம்பித்தால் தூங்கிவிடுவார், நான் நடுவராக இருந்திருக்கிறேன்.

செம்பனைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. புத்தகம், கைக்குட்டை முடிச்சு, ஓட்டு வரிசை, இந்த மூன்றும்தான். மூடி (Moody) என்ற பைபிள் கல்லூரியில் படித்ததையும், ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யக் கேட்டு இடமில்லை என்று சொன்னதையும் மனசில்லாமல் வெட்டினேன். 1936இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தில் கறுப்பின இளைஞர் விவகாரத்துக்குத் தலைமை ஏற்றதை ஒரு வரியில் வைத்திருக்கிறோம்.

நேர்ப்பேச்சு:
சரி, நானும் ஒன்று தருகிறேன், சிப்புட் பிள்ளை என்பதால். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கும் மாநாட்டில் பெத்தூன் அமெரிக்கக் குழுவுக்கு ஆலோசகராகப் போனார். அதே சமயம் அதே ஊரில் இந்திய விடுதலைக்காக வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். உங்கள் ஊரில் மலேசியத் தமிழ்த் தலைவர் சம்பந்தன் கட்டிய மகாத்மா காந்தி கலாசாலை என்ற பள்ளியை 1954இல் திறந்துவைத்ததும் பண்டிட் அம்மாதான்.

செம்பனைக்காரி:
இதை வாசித்துக் காட்டினேன். மாமியார் அந்தத் திறப்பு விழாவுக்குப் போயிருக்கிறாராம், அவர் அப்பா தோளில் உட்கார்ந்து! பண்டிட் அம்மா முகம் ஞாபகமில்லை, கையில் கொடுத்த மிட்டாய்தான் ஞாபகம் என்கிறார். மகள் இப்போது கதையை விட்டுவிட்டு அவரைத் துருவிக்கொண்டிருக்கிறாள்.