ஓடைக்கரை நடவு: பொங்கலுக்கு மொத்தமா வேண்டாம், ரெண்டு தவணையா வைப்போம்

அண்ணாச்சிமாரே, தம்பி தங்கச்சிமாரே,

பொங்கலுக்கு எல்லாரும் ஊர்ல இருப்போம், கரை அரிக்காம இருக்க அப்பவே நம்ம ஊர் ஓடையில ரெண்டு கரையிலயும் ஆயிரம் கன்னு நட்டு விழாவா முடிச்சிரலாம்னு போன வாரம் இந்த குரூப்புல எழுதியிருந்தாவ. ஆசை நல்ல ஆசைதான், ஆனா நம்ம லீவு பார்த்து ஓடை ஓடாது. தை பொறந்தா நம்ம பக்கம் மழை முடிஞ்சாச்சு, கோடையில ஒண்ணு ரெண்டு மழை விழுந்தா உண்டு, இல்லைன்னா ஐப்பசி வரைக்கும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மேட்டுல பொங்கலுக்கு நட்ட கன்னு பங்குனியில குச்சியா நிக்கும், போட்டோ மட்டும் குரூப்புல பச்சையா கெடக்கும்.

ஒவ்வொரு கரையையும் மேடு, சரிவுன்னு ரெண்டா பிரிச்சுப் பாருங்க. மேல்கரை வெள்ளம் தொடாத இடம், அங்க புரட்டாசி கடைசியில நடணும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், அதுக்குள்ள குழி எடுத்து கன்னு வச்சிட்டா ரெண்டு மாச மழையில வேர் கீழ இறங்கிரும். கீழ்கரைன்னா தண்ணியை ஒட்டுன சரிவு, அந்தக் கதை நேர் எதிர். அங்க புரட்டாசியில நட்டா கார்த்திகை வெள்ளம் கன்னையும் மண்ணையும் சேர்த்து குளத்துல கொண்டு போய் தள்ளிரும். வெள்ளம் வடிஞ்சு மார்கழி கடைசி, தை முதல்ல ஈரம் இருக்கும்போதே நடணும். ஆக பொங்கலுக்கு வர்றவங்களுக்கும் வேலை உண்டு, ஆனா கீழ மட்டும்.

2023 டிசம்பர் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலே மாட்டி நின்னுச்சு. அந்த வெள்ளத்துல நம்ம கரை சரிஞ்சது ஒரு பங்குன்னா, அதுக்கப்புறம் தூர்வாருறோம்னு ஜேசிபிய விட்டு கரையில இருந்த புல்லு, நாணல், கோரை எல்லாத்தையும் வழிச்சு எடுத்தது மீதிப் பங்கு. சுடுகாட்டு வளைவுல போய்ப் பாருங்க, அந்த பழைய புங்க மரத்துக்கு அடியில மண்ணே இல்ல, கை தடிமன் வேர் அந்தரத்துல தொங்குது, அதுக்குக் கீழ ஒரு ஆடு படுத்துக் கெடக்குற அளவுக்குக் குடைஞ்சிருக்கு. தண்ணி முட்டித் திரும்புற வெளி வளைவு அது, முதல் காசு அங்கதான் போகணும். எதிர்க்கரையில வண்டல் தானா படியும், அங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா விட்டாலே நாணல் வந்துரும்.

வெளி வளைவுல தை முதல்ல நொச்சிப் போத்து, அதாவது வெட்டி ஊனுற குச்சி. விரல் தடிமன், ஒரு முழத்துக்கு மேல நீளம், மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள, கணு மேல பார்த்து, கொஞ்சம் சாய்ச்சு. நர்சரிக்கு காசு வேண்டாம், ஊர்ல வேலிக்கு வேலி நிக்குது, ஆடும் கடிக்காது. அதுக்கு மேல வெட்டிவேர் நாத்து அரையடிக்கு ஒண்ணா, சரிவுக்குக் குறுக்க வரிசையா. பத்தடி வரைக்கும் வேர் இறங்கும். ஆனா நிழல் ஆகாது, மரம் வளர்ந்து மூடுனா மெலிஞ்சு போகும், அதனால என்ன, அதுக்குள்ள மரம் கரையைப் பிடிச்சிரும்.

மேல்கரைக்கு நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை. தாமிரபரணிக் கரையில மருது நிக்குற நிப்பைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. உச்சி மேட்டுல பனங்கொட்டை போதும், ஆவணியில பழம் விழும்போதே பொறுக்கி வச்சு முதல் மழைக்கு ஊனிறலாம். பாலத்துக்கிட்ட ஆலும் அரசும் வேண்டாம், வேர் கட்டடத்துக்குள்ள போகும். கல்ஃப்ல ரோட்டோரம் எல்லாம் பார்க்குற அந்த கோனோகார்பஸை யாரும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

சீமைக்கருவேலத்தை ஒரே நாள்ல பிடுங்கிருவோம்னு சார்ஜா அண்ணாச்சி சொன்னாவ. பிடுங்கணும், தூரோட பிடுங்கணும், வெறுமனே வெட்டுனா மறுபடி தழைக்கும். ஆனா இப்ப வளைவுல மண்ணைக் கொஞ்சமாவது பிடிச்சிருக்குறது அந்த சனியன் வேர்தான். அதனால மாசி பங்குனியில மேட்டுப் பகுதியை மட்டும் எடுப்போம், வளைவுல நொச்சி பிடிச்ச அடுத்த வருஷம் மீதி. பிடுங்குன முள்ளை, காய் உதிர்த்துட்டு, கன்னுக்கு அடைப்பா வைக்கலாம்.

நான் இருக்குற சிங்கப்பூர்ல பீஷான் பூங்காவுல 2.7 கி.மீ. நேர் கான்கிரீட் வாய்க்காலை உடைச்சு 3.2 கி.மீ. வளைஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க. காசு கொட்டிக் கெடக்குற ஊரு, அவங்களே முதல்ல ஒரு சின்ன துண்டுல செடி வகை எல்லாம் நட்டு எது நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் மீதியில கை வச்சாங்க. நாமளும் முதல் வருஷம் சுடுகாட்டு வளைவோட நிறுத்திக்குவோம், ஆயிரம் கன்னு எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஓடை புறம்போக்கு, நம்ம பாட்டுக்கு குழி தோண்ட முடியாது, பஞ்சாயத்துத் தீர்மானமும் விஏஓகிட்ட அளவும் முதல்ல வேணும். ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்த ஆள் கூலி வேணும், என் கணக்குல கன்னு விலையை விட அதுதான் பெருசு. நடவு விழா பந்தல், மைக்செட்டுக்கு ஒதுக்குனதை அப்படியே அதுக்குத் திருப்பி விடலாமா? எதிர்ப்பு இருந்தா இங்கயே எழுதுங்க, தனியா போன் போட்டுப் பேச வேண்டாம். ஆவணியில ஊர்ல யாரு இருப்பீங்கன்னும் சொல்லுங்க, கொட்டை பொறுக்க ஆள் வேணும்.