டிஸ்பயோசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நீர்வாழ் உயிரிகளின் குடலில் நுண்ணெகிழி (மைக்ரோபிளாஸ்டிக்) என்ன செய்கிறது என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே டிஸ்பயோசிஸ், அதாவது குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வழக்கமான சமநிலை கெடுவது, குறுக்கே வந்து நின்றது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு உங்களிடமிருந்து வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகக் கட்டுரைக்குள் வைத்துப் பார்த்தேன்.

> "கிருமிப் பெருக்கம்" போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வரிக்குதிரை மீன்களை 14 நாள் பாலிஸ்டைரீன் என்ற நெகிழியின் நுண்மணிகள் கலந்த நீரில் வைத்துச் செய்த ஆய்வொன்று உண்டு. அவற்றின் குடலில் பாக்டீரியாய்டீட்டிஸ், புரோட்டியோபாக்டீரியா என்ற பாக்டீரியாப் பிரிவுகளின் பங்கு குறைந்தது. ஃபர்மிக்யூட்டிஸ் என்ற இன்னொரு பிரிவின் பங்கு கூடியது. ஆக, நடந்தது பெருக்கம் அல்ல, யார் எவ்வளவு என்ற கணக்கு மாறியதுதான். தவிர, கிருமி என்றாலே நோய் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு, மீனின் செரிமானத்துக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் துணை நிற்பவர்களைப் பற்றியும்தானே!

> "குடல் நுண்ணுயிர்ச் சமநிலையின்மை"

பொருள் சரி. ஆனால் ஒரு பத்தியில் நான்கு முறை எழுதினால் மூச்சு வாங்குகிறது. 'இன்மை' என்று முடிவதால் ஏதோ இல்லை என்று மட்டும் சொல்கிறது. ஒன்று கெட்டுப்போகிற அசைவு அதில் இல்லை.

> "நுண்ணுயிர்ச் சீர்குலைவு"

இதை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டிருப்பேன். தொகை விரியும் இடத்தில்தான் சிக்கல். நுண்ணுயிர்களின் சீர்குலைவா, நுண்ணுயிர்களால் வந்த சீர்குலைவா? புதிதாகப் படிப்பவர் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொள்வார். குற்றவாளி நெகிழி, பழி பாக்டீரியா மீது! துகள் குடற்சுவரை உரசுகிறது, சளிப்படலத்தை மாற்றுகிறது, அழற்சியைத் தூண்டுகிறது. சத்தில்லாமல் வயிற்றை அடைப்பதால் பாக்டீரியாவுக்குப் போகும் உணவும் குறைகிறது. நெகிழியிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் வேறு.

அதனால் என் முன்மொழிவு: மைக்ரோபயோட்டாவுக்கு (ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்) நுண்குடி, டிஸ்பயோசிஸுக்கு நுண்குடிக் குலைவு. ஓரிடத்தில் சேர்ந்து வாழும் கூட்டம் குடி. அது குலைந்தது என்றால் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று பொருளில்லை. இருந்த ஒழுங்கு போனது என்றுதான் பொருள். "நுண்குடி குலைந்த மீன்கள்" என்று வினையாகவும் வளைக்க முடிகிறது, இது சின்ன விஷயமல்ல. குடி என்றதும் மதுதான் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். முன்னால் 'நுண்' நிற்கும்போது அந்த மயக்கம் வராது என்றே நினைக்கிறேன். மிதமாகக் குடிப்பவர் என்று கேலி செய்வோர் செய்யட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பிளாஸ்டிஸ்ஃபியர். நெகிழித் துகள்மேல் படலமாகக் குடியேறும் நுண்ணுயிர்களின் உலகத்துக்கு 2013இல் வைத்த பெயர். உயிர்க்கோளம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் நெகிழிக்கோளம் தானாக வந்து அமர்கிறது. கட்டுரைக்கு இது அவசியம். மீன் விழுங்குவது வெறும் துகளை அல்ல, அதன்மேல் சவாரி செய்யும் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களையும் சேர்த்துத்தான். சில சமயம் நுண்குடிக் குலைவுக்கு வெளியாட்களும் காரணம் ஆகலாம்.

நுண்ணெகிழி (5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்) பற்றி எனக்கு வழக்கு இல்லை. நுண் + நெகிழி, கண்ணீர் போலச் சரியான புணர்ச்சிதான். ஒரே தொல்லை, தேடுபொறியில் 'நெகிழி' என்று தட்டினால் இது அகப்படாது. தேடுபவருக்காக முதல் இடத்தில் மட்டும் 'நுண் நெகிழி' என்று பிரித்து எழுதலாமா? இலக்கணக்காரர்கள் அடிக்க வராவிட்டால் அப்படியே செய்துவிடுகிறேன்.

அப்புறம், கட்டுரையின் முதல் வரி இப்போது இப்படி நிற்கிறது: "நுண்ணெகிழியை விழுங்கும் மீன்களின் குடலில் நுண்குடிக் குலைவு ஏற்படுகிறது." சோதனைத் தொட்டிகளில் போடும் அளவு பல நேரம் இயற்கை நீரில் இருப்பதைவிட அதிகம் என்பதால் 'ஏற்படுகிறது' என்பதை 'ஏற்படக்கூடும்' என்று மாற்றப்போகிறேன். வினைமுற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயர்ச்சொல்லை நீங்கள் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.