விட்சண்டே பார்ட்டி படகு: பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் இதில் ஏறலாமா?

செந்தூரன்_பிறிஸ்பன்

செப்டெம்பரில் வேலையிடத்து நண்பர்களோடு குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளுக்குப் போகிறோம். ஏர்லி பீச்சிலிருந்து கிளம்பும் இரண்டு இரவுப் பாய்மரப் படகு. 18 முதல் 35 வயதுக்காரர்களுக்கு மட்டும், குழந்தைகள் கிடையாது, குடிவகையை நாங்களே கொண்டுபோகலாம். இன்னொரு இழையில் இதைச் சொன்னபோது, "அது குடிகாரப் படகு, பாறை பார்க்கவேண்டுமானால் பகல் படகில் போ" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பகல் படகு காலையில் கிளம்பி, இரண்டு இடத்தில் அவசரமாக இறக்கிவிட்டு, மாலைக்குள் கரைக்குத் திரும்பிவிடும். இரவு கடலிலேயே தங்குகிறவனுக்கு, மற்றப் படகுகள் வந்து சேருமுன்பே விடியற்காலையில் பாறை கிடைக்கிறது. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து பீர் குடித்தால் அந்தப் பயணம் ஏன் கெட்டுப்போகவேண்டும்? போனவர்கள் சொல்லுங்கள்.

கயல்விழி_சிட்னி

நான் அவசரப் பிரிவில் செவிலியர். குடிப்பது யாருடைய விருப்பமும் ஆகலாம், அதில் எனக்குக் கருத்து இல்லை. குடித்த உடம்போடு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்றால் சும்மா மிதப்பதுதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீரில் இறங்கியதும் கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், இதயத்துக்கு வேலை கூடும், சிறுநீர் அதிகம் வெளியேறும். மதுவும் அதையேதான் செய்கிறது, உடம்பில் நீர் வற்றும். இரண்டும் சேரும்போது மயக்கம், படபடப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம் வர வாய்ப்பு கூடுகிறது. குழாயை வாயில் வைத்திருக்கும்போது வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. குளத்தில் மூழ்குகிறவர் கையையாவது அசைப்பார். ஸ்நார்க்கெல் போட்டு நினைவிழந்தவர் முகம் கவிழ்ந்து அப்படியே மிதப்பார். பக்கத்தில் மீன் பார்த்துக்கொண்டிருப்பவரும் அதே மாதிரிதான் மிதக்கிறார். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

பாய்மரம்

கயல்விழி சொன்ன உடற்கூறு எல்லாம் சரி. ஆனால் படகில் நடப்பது வேறு. அந்தப் பகுதியில் பாய்மரப் படகுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நான் இருந்த படகுகளில் அன்றைய கடைசி நீச்சல் முடியும்வரை ஒரு பீர் கேன்கூடத் திறக்க விடமாட்டோம். திறந்தால் அன்றைக்கு அவர் கடலில் இறங்கமுடியாது, யாராக இருந்தாலும். ஆட்கள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவர் வேறு வேலை செய்யக்கூடாது. குயின்ஸ்லாந்தில் இது நல்ல பழக்கம் மட்டும் கிடையாது, ஸ்நார்க்கெலிங் நடத்துகிறவர்களுக்கான விதிமுறையிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய பகல் படகில் நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். நம் படகில் இருபது, இருபத்தைந்து பேர். முதல் இரவே எல்லோருடைய பெயரும் நமக்குத் தெரியும், யாருக்கு நீச்சல் வராது என்பதும் தெரியும். பாதுகாப்பு எங்கே அதிகம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கயல்விழி_சிட்னி

நீங்கள் அன்றைய குடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் முந்தின இரவின் குடியைப் பற்றிக் கேட்கிறேன். இரவு ஒரு மணி வரை குடித்தவன் காலை ஏழு மணிக்கு இறங்கும்போது அவனிடம் யாராவது ஊதிப் பார்க்கிறார்களா? கேன் திறக்கவில்லை, ஆகவே விதி மீறப்படவில்லை. ஆனால் உடம்பில் போதை மிச்சம், நீர் வற்றிக் கிடக்கிறது, தூக்கம் இல்லை. செந்தூரன் ஆசைப்படும் அந்த விடியற்காலைப் பாறையே இந்த நேரத்தில்தான் வருகிறது.

பாய்மரம்

ஊதிப் பார்ப்பதில்லை, உண்மைதான். கண்ணைப் பார்ப்போம், நடையைப் பார்ப்போம். தள்ளாடுகிறவரை இறக்கமாட்டோம். அதற்கு மேல் வயது வந்தவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் படகுக்காரனே பொறுப்பு என்றால் யாரும் எங்கேயும் போகமுடியாது.

ஆழி

இரண்டு பேரும் குடியிலேயே நிற்கிறீர்கள். செந்தூரன், நீங்கள் எந்தப் பாறையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

விட்சண்டேயில் 74 தீவுகள். இரண்டு இரவுப் பாய்மரப் படகுகள் பெரும்பாலும் அந்தத் தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் கரையோரப் பாறைகளுக்குத்தான் போகும்: ஹூக் தீவின் வடக்கில் மான்டா ரே பே, லஞ்சன் பே, ஹேமன் தீவில் புளூ பேர்ல் பே, லாங்ஃபோர்ட். விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடித் தண்ணீர் வெளிப்பாறைக்கு உரியது. ஹார்டி ரீஃப், பெய்ட் ரீஃப் எல்லாம் ஏர்லி பீச்சிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கடலுக்குள். வேகப் படகே அங்கே போய்ச்சேர இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். கரையோரப் பாறையும் அதே கடல் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, ஆகவே கிரேட் பேரியர் ரீஃப் என்று விற்பதில் பொய் இல்லை. ஆனால் ஆற்று வண்டல் வருகிற தண்ணீர் அது. அங்கே கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் நான்கு மீட்டர் வரை போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் இழுத்து அடியைக் கலக்கிவிடும். அஷ்டமி, நவமிப் பக்கம் போனால் தண்ணீர் தெளிந்திருக்கும். காலண்டரைப் பார்த்துத் தேதியை வையுங்கள், படகை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது டெபி புயல். 2017 மார்ச் 28இல் நான்காம் வகைப் புயலாக ஏர்லி பீச் பக்கத்தில் கரை கடந்தது. ஹூக், ஹேமன் தீவுகளின் வடக்குக் குடாக்களில் இருந்த பவளங்கள் நொறுங்கிப் போயின. கரையோரத்தில் தண்ணீர் கலங்கல் என்பதால் திரும்ப வளர்வது மெதுவாகத்தான் நடக்கிறது. மீன்கள் இருக்கின்றன: கிளிமீன்கள், பெரிய மாவோரி ராஸ், லாங்ஃபோர்ட் பக்கம் கடலாமைகள். ஆனால் மான்கொம்புப் பவளக் காடு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனால் சில இடங்களில் உடைந்த துண்டுகள் பரவிக் கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

செந்தூரன்_பிறிஸ்பன்

ஆழி, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மிக்க நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வெளிப்பாறைக்குப் போய்வர ஒரே நாளில் ஆறு மணி நேரம் பயணத்துக்கே போய்விடும். எனக்கு வைட்ஹேவன் கடற்கரையும் வேண்டும். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிலிக்கா மணல், ஹில் இன்லெட்டில் தண்ணீரும் மணலும் கலக்கும் இடம், இரவில் தளத்தில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது, காற்றில் பாய் விரிவது. பாறையும் இதில் ஒரு பகுதி. அப்படிப் பார்த்தால் பாய்மரப் படகுதானே சரி?

ஆழி

அப்படிச் சொன்னால் சரி. தலைப்பில் "பவளப்பாறை பார்க்க" என்று போட்டதால்தான் எழுதினேன்.

தஞ்சாவூரான்

வணக்கம். என் வயது 58. 35க்கு மேல் போனால் ஏற்றமாட்டோம் என்கிற படகுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழந்தைகள் வேண்டாம் என்றால் புரிகிறது. பெரியவர்கள் ஏன் வேண்டாம்? குடித்துக் கூத்தடிப்பதைப் பெரியவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே? அப்படி மறைக்கவேண்டிய கூத்து நடக்கும் இடத்தில் கடலுக்கு மரியாதை எங்கே இருக்கும்?

பாய்மரம்

ஐயா, மேல் வயது வரம்பே இல்லாமல் வயது வந்தோர் மட்டும் போகிற படகுகளும் அங்கே இருக்கின்றன. தனி அறை, நல்ல சாப்பாடு, கூட்டம் குறைவு. விலை கூடுதல், அவ்வளவுதான். உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

கயல்விழி_சிட்னி

ஐயா, உங்கள் வயதைச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறையில் ஸ்நார்க்கெல் செய்யும்போது இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், காரணம் பெரும்பாலும் இதயம். 2016 நவம்பரில் கெய்ர்ன்ஸ், போர்ட் டக்ளஸ் பக்கத்துப் பாறைகளில் ஒரே வாரத்தில் மூன்று சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள், மூவரும் அறுபதோ அதற்கு மேலோ வயதானவர்கள். அதற்குப் பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். இதய நோய், ஆஸ்துமா போன்றவை இருப்பவர்களுக்குத் தனி அடையாளம், மிதவை, துணை என்று வந்தது. படகில் தரும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். இறங்கவிடமாட்டார்களோ என்று பயந்து ரத்த அழுத்த மாத்திரையை மறைக்கிற நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிதவை கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மீனாள்

ஒரு பெண் என்ற முறையில் கேட்கிறேன். எல்லோரும் சுறா, ஜெல்லிமீன் என்று போகுமுன் இதையும் பேசுங்கள். இந்த மாதிரிப் படகு ஒன்றில் தோழியோடு போனேன். ஆணும் பெண்ணும் ஒரே கீழறையில், திரைகூட இல்லாத பலகைப் படுக்கைகள். முன்பதிவில் அது தெளிவாக இல்லை. இரவில் குடித்துவிட்டு ஒருவர் எங்கள் படுக்கைப் பக்கமே வந்து நின்றுகொண்டிருந்தார். பணியாளரை எழுப்பிச் சொன்னோம், அவரை மேலே அனுப்பினார்கள். ஆனால் நடுக்கடலில் வேறு அறை கேட்டு எங்கே போவது? பாறை அழகாகத்தான் இருந்தது, நான் தூங்கவே இல்லை.

செந்தூரன்_பிறிஸ்பன்

மீனாள், எங்கள் குழுவிலும் பெண்கள் இருக்கிறார்கள். இதை நான் முன்பதிவுக்கு முன்பே கேட்கிறேன்.

பாய்மரம்

மீனாள் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அறை அமைப்பு படகுக்குப் படகு மாறும். பழைய பந்தயப் படகுகளில் இடம் குறுகல், அங்கே மறைப்பு எதிர்பார்க்க முடியாது. படுக்கை வரைபடத்தைக் கேளுங்கள், தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

சுறா பற்றி வந்ததால் சொல்கிறேன். சிட் ஹார்பரில் 2018 செப்டெம்பரில் அடுத்தடுத்த நாட்களில் இருவரைச் சுறா கடித்தது, நவம்பரில் மூன்றாவது ஆள் இறந்தார். 2019 அக்டோபரில் ஹூக் பாசேஜில் இருவர் காயம்பட்டார்கள். சிட் ஹார்பரில் நீந்தவேண்டாம் என்றே அறிவிப்பு இருக்கிறது. காற்றுக்கு ஒதுங்க நல்ல இடம் என்பதால் படகுகள் இரவில் அங்கே நங்கூரம் போடும், அதுதான் சிக்கல். இருட்டிய பிறகு தண்ணீரில் குதிக்காதீர்கள், சாப்பாட்டு மிச்சத்தைக் கடலில் போடாதீர்கள்.

கயல்விழி_சிட்னி

இருட்டில் குதிப்பது யார்? குடித்தவர்தானே? பார்ட்டி படகில் அதை எப்படித் தடுக்கிறீர்கள்?

பாய்மரம்

இரவு ஏணியை மேலே தூக்கிவிடுவோம். ஒருவர் விழித்திருப்பார்.

கயல்விழி_சிட்னி

குதிப்பதற்கு ஏணி தேவையில்லை. திரும்பி ஏறத்தான் ஏணி வேண்டும்.

தஞ்சாவூரான்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு.

பாய்மரம்

சரி, அந்த இடத்தில் கயல்விழி சொல்வது சரிதான். விழித்திருப்பவர்தான் உண்மையான காவல், ஏணியைத் தூக்குவது வேறு காரணத்துக்கு.

ஆழி

ஜெல்லிமீனையும் முடித்துவிடலாம். நவம்பர் முதல் மே வரை முக்கியமான காலம், செப்டெம்பரில் ஆபத்து குறைவு, ஆனால் முற்றாக இல்லை என்று சொல்லமுடியாது. இருகாண்ஜி என்கிற ஜெல்லிமீன் விரல் நகம் அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடித்த இடத்தில் பெரிதாக வலிக்காது. அரை மணி நேரம் போல் கழித்துத்தான் முதுகுவலி, வாந்தி, ரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் வரும். 2002இல் இரண்டு பயணிகள் இதில் இறந்தார்கள். படகில் தரும் மெல்லிய முழு உடுப்பைப் போடுங்கள், தோல் கருகாமலும் இருக்கும், சன்ஸ்கிரீன் பூசவேண்டிய அளவும் குறையும். குடித்தவர் வாந்தி எடுத்தால் எல்லோரும் குடியின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். கடி அங்கே கவனிக்கப்படாமல் போகும். இந்த விஷயத்தில் நான் கயல்விழி பக்கம்.

மீனாள்

சன்ஸ்கிரீன், துடுப்புக் கால், நங்கூரம்: இவற்றால் பாறை அழிகிறது என்றும் சொல்கிறார்களே. அப்போது இப்படிப்பட்ட கூட்டம் போகவே கூடாது இல்லையா?

ஆழி

பெரிய அழிவு வெப்பத்தால் வருகிறது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று பவளம் வெளுத்துப்போகும் மாபெரும் வெளிறல்கள் வந்ததற்கு எந்தப் பார்ட்டி படகும் காரணம் இல்லை. ஆனால் ஒரே குடாவில் நாள்தோறும் ஆட்கள் இறங்கினால், துடுப்பால் உடைக்கிற ஒவ்வொரு கிளையும் அந்தக் குடாவுக்கு இழப்புதான். போதையில் இருப்பவருக்குக் காலடி கணக்கே இருக்காது, பவளத்தின் மேல் எழுந்து நின்றுவிடுவார். குடா முகப்புகளில் வெள்ளைப் பிரமிட் மிதவைகள் இருக்கும், அவற்றுக்கு உள்ளே நங்கூரம் போடக்கூடாது. பொறுப்பான படகுகள் பொது மிதவையில் கட்டும்.

பாய்மரம்

ஒவ்வொரு பயணியிடமும் கடல் பூங்காவுக்கான கட்டணம் வாங்குகிறோம், அதுவும் பாறையைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறது. ஆள் வராமல் போனால் பாறைக்காகப் பேச யார் இருப்பார்கள்?

கயல்விழி_சிட்னி

ஆட்கள் வரட்டும். செந்தூரனுக்கு என் யோசனை இதுதான்: முதல் இரவு குடிக்காதீர்கள். இரண்டாம் நாள் முழுக்கப் பாறையும் வைட்ஹேவனும். எல்லா நீச்சலும் முடிந்த பிறகு இரண்டாம் இரவு பார்ட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலை தண்ணீரில் இறங்காமல் நேரே கரைக்கு.

பாய்மரம்

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஆட்கள் முதல் இரவுதான் அதிகம் குடிப்பார்கள், புது இடம், புது முகங்கள். உங்கள் நண்பர்கள் கேட்டாலும் படகில் இருக்கும் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள், பாட்டுச் சத்தத்தில் நீங்களும் தூங்கப்போவதில்லை. குழுவாகப் போவதால் சின்னப் படகு ஒன்றை முழுசாக எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். தலைக்குப் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம்.

செந்தூரன்_பிறிஸ்பன்

இன்று இரண்டு இடத்தில் பேசினேன். ஒருவர் மூன்றாம் நாள் காலையும் ஸ்நார்க்கெல் உண்டு, அதை நீக்கமுடியாது என்றார். இறங்காமல் மேலே இருந்துகொள்ளலாம் என்று அவரே சொன்னார். முழுப் படகு எடுப்பதற்கு இன்னொருவர் விலை அனுப்புகிறார். படுக்கை வரைபடமும் கேட்டிருக்கிறேன். முதல் இரவு குடிப்பதில்லை என்பதற்கு நண்பர்களில் பாதிப் பேர் சம்மதம், மீதிப் பேரோடு இன்னும் பேச்சு நடக்கிறது. ஆழி, செப்டெம்பரில் அஷ்டமி எந்தக் கிழமை வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப லீவு கேட்கப்போகிறேன்.

ஆழி

வளர்பிறை, தேய்பிறை இரண்டு அஷ்டமியையும் பாருங்கள். தென்கிழக்குக் காற்று எப்படி என்று கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கேளுங்கள். காற்று மணிக்கு 25 கடல் மைல் வேகத்தைத் தாண்டினால் ஹூக்கின் வடக்குப் பக்கம் தவிர வேறெங்கும் நீந்த நன்றாக இருக்காது.