ஹாருவான் (விரால் மீன்) குஞ்சு தேறுகிறதா? உங்கள் பக்க நிலவரத்தைப் போடுங்கள்

பூச்சோங் தூண்டில்:
ஈயக்குட்டைகளில் (பழைய ஈயச் சுரங்கக் குளங்களில்) ஹாருவான் குறைந்ததற்கு எல்லாரும் வெளிநாட்டு மீனான பீகாக் பாஸைத்தான் திட்டுகிறார்கள். பாதிதான் சரி. ஹாருவான் கரையோரப் புல்லை விலக்கி வட்டமாக இடம் பண்ணி முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய் இருப்பதால் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரியும். சிவப்புக் குஞ்சுகள் மூச்சு வாங்கக் கூட்டமாக மேலே வரும்போது தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். பீகாக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். தெளிந்த தண்ணீர், செங்குத்துக் கரை, புல்லே இல்லை என்றால் அதற்குக் கொண்டாட்டம். (தன் குஞ்சை மட்டும் பொத்திப் பொத்தி வளர்க்கும்!) காவல் உள்ளவரை ஹாருவான் சமாளிக்கும். நாம்தான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் ரப்பர்த் தவளைத் தூண்டிலை வீசித் தாயைத் தூக்குகிறோம்; அதன்பிறகு குஞ்சைக் கேட்க ஆளில்லை. குஞ்சு சிவப்பு மாறி, கறுத்துப் பிரியும்வரை அந்த இடத்தில் தவளை போடாதீர்கள். கரையைச் சுத்தம் செய்பவர்களிடம் கங்கோங் கீரையை முழுக்க வழிக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

செந்தூல் வலை:
வெளிநாட்டு மீனான திலாப்பியாவைக் குறைக்கப் பிடிப்பவர்கள் கவனிக்க. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்தே அடைகாக்கும். வலையை உதறினால் துப்பிவிடும். தாய் வாளியில், பிள்ளைகள் குளத்தில். கொசுவலை தைத்த கைவலையை அடியில் கொடுத்துத் தூக்கி நேராக ஐஸில் போடுங்கள். உள்ளங்கை அளவிலேயே சினை பிடிக்கும், சின்னதென்று திருப்பி விடாதீர்கள்.

கிள்ளான் ஆற்றோரம்:
பண்டாராயா மீன் (வாயால் ஒட்டிக்கொள்ளும் வெளிநாட்டுக் கெளுத்தி வகை) கரையைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும். ஆண் வாசலிலேயே கிடக்கும். வளை இடிந்தால் மண் கரைந்து, வேரிலும் கல்லிலும் ஒட்டிய மற்ற மீன் முட்டைகள் சேற்றில் மூச்சுமுட்டிச் சாகும். வலையில் முள் மாட்டினால் இழுக்காதீர்கள், வலைதான் கிழியும்; வெட்டுக்குறடால் முள்ளை நறுக்குங்கள். தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் தாங்கும், கரையில் எறிந்துவிட்டுப் போனால் மழையோடு ஆற்றுக்கே திரும்பும். தலையில் அடித்துக் கொன்று புதையுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
அண்ணே, கொசுவுக்காக வாய்க்காலில் கப்பி மீன் விடலாம்தானே?

பாலிக் பூலாவ்:
வேண்டாம் தம்பி. இங்கே வயல் வாய்க்காலில் காட்டுச் சண்டைமீன் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டும். முட்டை பொரிய இரண்டு நாள், குஞ்சு நீந்த இன்னும் இரண்டு மூன்று நாள். காவலுக்கு ஆண் ஒன்றுதான். ஒரு கப்பியைத் துரத்தினால் அந்தப் பக்கம் நாலு வந்து கொத்தும். கப்பிக்குக் கூடே வேண்டாம், உயிருள்ள குட்டியாகவே போடும். கொசுப்புழுவைச் சண்டைமீனே தின்னும் லா.