தினமும் ரெண்டு வைட்டமின் சி மாத்திரை: கல் வந்தவர் போடலாமா?

தண்டையார்பேட்டை வாசி:
அப்பாவுக்கு வயசு 58. சுகர் உண்டு, வீட்லயே மீட்டர்ல பாக்குறோம். மூணு வருஷம் முன்னாடி கிட்னியில கல் வந்துச்சு. சளி பிடிக்கக் கூடாதுன்னு, சப்பிச் சாப்பிடுற 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை தினமும் ரெண்டு போடுறார். பட்டையிலேருந்து பிரிச்சு டப்பாவுல கொட்டி, அடுப்பு மேல் ஷெல்ஃப்ல வெச்சிருக்கோம். இப்போ மாத்திரையில பழுப்புப் புள்ளியா இருக்கு. மனைவிக்கு ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை போடுறாங்க. அவங்களுக்கும் இதைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

மருந்துக்கடை மேசை:
அப்பா இன்னிக்கே நிறுத்தட்டும் சார். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்னு இல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி ஆணுக்கு நாளைக்கு 80 மி.கி., பொண்ணுக்கு 65 மி.கி. போதும். 200 மி.கி. வரைக்கும் குடல் பெரும்பகுதியை இழுத்துக்கும். ஒரே வேளையில 1000 மி.கி. தாண்டினா பாதிகூட உள்ள ஏறாது. ஏறாதது குடல்லயே தங்கித் தண்ணியை இழுக்கும், அதான் வயித்தால போறது. ஏறினதுல மிஞ்சுறது சிறுநீர்ல போகும், அதுல ஒரு பங்கு ஆக்ஸலேட்ங்கிற உப்பா மாறும். கல்லுல பெரும்பாலானது கால்சியம் ஆக்ஸலேட்தான். 2013-ல வந்த ஸ்வீடன் ஆய்வுல, வைட்டமின் சி மாத்திரை போட்ட ஆண்களுக்குக் கல் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா இருந்துச்சு. பெரியவங்களுக்கு உச்சவரம்பு 2000 மி.கி.ன்னு எழுதியிருக்கும். ஒரு தடவை கல் வந்தவர் அதை நம்பி உட்காரக் கூடாது.

சுகர் விஷயம்: ரத்தத்துல வைட்டமின் சி ரொம்ப ஏறினா சில மீட்டர் நிஜத்தைவிட அதிகமாக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினா சுகர் விழுந்துடும். நரம்புல ஏத்துற அளவுலதான் இது பெரிய ஆபத்து, இருந்தாலும் மீட்டர் பெட்டியில இருக்கிற தாள்ல அஸ்கார்பிக் ஆசிட்னு (வைட்டமின் சி-யோட வேதிப் பேர்) தேடிப் படிச்சிடுங்க. சிறுநீர்ல பட்டையை முக்கி நிறம் பாக்குற சோதனையில இது நேர் எதிரா வேலை செய்யும், சர்க்கரை இருந்தாலும் இல்லேன்னு காட்டலாம். லேப்ல மாத்திரை விவரத்தைச் சொல்லிடுங்க.

கீரைக்கட்டு:
மனைவிக்குத் தனியா வைட்டமின் சி வாங்க வேணாம். இரும்பு மாத்திரையோட சேர்த்துப் போட்டாலும் ஹீமோகுளோபின் ஏறுறதுல சொல்லும்படியா வித்தியாசம் வர்றதில்ல. அது நல்லா வேலை செய்யறது சாப்பாட்டுல இருக்கிற இரும்புக்குத்தான். முருங்கைக்கீரை, பருப்பு, கேழ்வரகு எது சாப்பிட்டாலும் அதே வேளையில ஒரு கொய்யா சாப்பிடட்டும். தள்ளுவண்டியில விக்கிற கொய்யா 100 கிராம்லயே சுமார் 200 மி.கி. இருக்கு. எலுமிச்சைன்னா அடுப்பை அணைச்சு, சூடு தணிஞ்ச பிறகு பிழியணும். கொதிக்கிற குழம்புல பிழிஞ்சா வைட்டமின் சி ஒரு பங்கு அழிஞ்சு போகும்.

இரும்பு மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, பால் வேணாம். வேலை கெடுக்கிறது பெரும்பாலும் அந்த டீதான். வெறும் வயித்துல குமட்டுச்சுன்னா சாப்பிட்டுட்டுப் போடட்டும். மலம் கறுப்பாப் போனா அது இரும்பால, பயப்பட வேணாம்.

ஆனா தலசீமியா மாதிரி உடம்புல இரும்பு சேர்ற நோய் இருந்தா டாக்டரைக் கேக்காம வைட்டமின் சி மாத்திரையைத் தொடவே கூடாது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே கம்மி) உள்ளவங்களுக்கும் இதே பேச்சு, அதிக டோஸ்ல சிவப்பணு உடையும்.

உப்புக்காத்து:
பழுப்புப் புள்ளி வந்ததைத் தூக்கிப் போடுங்க. அஸ்கார்பிக் ஆசிட் ஈரமும் காத்தும் பட்டு ஆக்ஸிடைஸ் ஆகிடுச்சுன்னு அர்த்தம், வெயில்ல காயவெச்சாலும் திரும்பாது. காசிமேட்டுலேருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காத்து வீட்டுக்குள்ளயே நிக்குது, போதாததுக்கு சோறு வடிக்கிற ஆவி வேற உங்க டப்பாவுக்கு நேரா மேல போகுது. பட்டையிலேருந்து அப்பப்போ ஒண்ணு கிழிச்சு எடுங்க. பட்டை படுக்கையறை அலமாரியில இருக்கட்டும். தண்ணில கரையிற மாத்திரைன்னா டியூப் மூடிக்குள்ள இருக்கிற உலர்த்திப் பொடிதான் காவல், அதைப் பேர்த்து எறியாதீங்க. பிரஷர் உள்ளவங்களுக்கு அந்த வகை வேணாம், நுரைக்கிறதுக்குச் சேர்க்கிற சோடா உப்புல சோடியம் நிறைய.

சப்புற மாத்திரை பல் எனாமலை அரிக்கும். சப்பி முடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். பல் தேய்க்கிறது அரை மணி நேரம் கழிச்சு.

தண்டையார்பேட்டை வாசி:
நன்றி. அப்போ சளி பிடிச்ச அன்னிக்கு மட்டும் போட்டா?

மருந்துக்கடை மேசை:
பிடிச்ச பிறகு ஆரம்பிச்சா பலன் இருக்குன்னு ஆய்வுகள்ல தெளிவா வரல. தினமும் போடுறவங்களுக்குச் சளி வராம நிக்கறதில்ல, நாள் மட்டும் சுமார் 8 சதவீதம் குறையுது. ஏழு நாள் சளின்னா அரை நாள். அதுக்காக அப்பா மறுபடியும் கல்லோட மல்லுக்கட்ட வேணாம். நாளைக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி குடிக்கட்டும்; இதயமோ கிட்னியோ காரணமா டாக்டர் தண்ணிக்கு அளவு போட்டிருந்தா மட்டும் அந்த அளவுதான்.