வெல்டிங்குக்கு உழைக்கும் லாக்கிங் கிளாம்ப் எது?

வணக்கம் நண்பர்களே. கேட், கிரில் வேலை செய்கிறேன். ஒன்றரை இஞ்ச் சதுர பைப்பைப் பிடித்து டேக் (முழு வெல்டிங்குக்கு முன் வைக்கும் சிறு புள்ளி வெல்டு) வைக்க, 11 இஞ்ச் சி டைப் லாக்கிங் கிளாம்ப் (கைப்பிடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிடிப்பான்) நான்கு வேண்டும்.

விலை குறைவென்று போன வருடம் வாங்கியவை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒன்றில் ரிவிட் தளர்ந்து தாடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. இன்னொன்றில் வெல்டிங் பொறி தெறித்துத் திருகின் மரையில் ஒட்டி, இப்போது திருகவே முடியவில்லை. பிடி கொஞ்சம் நழுவினாலும் டேக் ஆறும்போது பைப் இழுத்துக்கொள்கிறது. அப்புறம் கிரைண்டரால் அறுத்துத் திரும்ப ஒட்ட வேண்டியதுதான்.

குரோம் வனேடியம் (ஒரு வகை உறுதியான எஃகு) தாடை என்றால் உண்மையிலேயே கூடுதலாக உழைக்குமா? முனையில் ஆடும் பாதம் (பைப்பின் பரப்புக்கேற்பச் சாயும் தட்டு) இருப்பது நல்லதா? ஒன்று 600 ரூபாய்க்குள் அமைந்தால் சரி. தினமும் பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள். மரையில் பொறி ஒட்டாமலிருக்க என்ன தடவுகிறீர்கள்?