தடாகத்தின் பம்பியையும் உப்புக் குளோரினேற்றரையும் தன்னியக்கப் பெட்டியில் இணைப்பது எப்படி?

நல்லூர் விடுதி:

அனைவருக்கும் வணக்கம். நல்லூரில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதியில் ஏறத்தாழ 60 கன மீற்றர் கொள்ளும் நீச்சல் தடாகம் ஒன்று உள்ளது. அதன் 1.5 குதிரைவலுப் பம்பியும், உப்பு நீரை மின்பகுத்துக் குளோரீன் தயாரிக்கும் உப்புக் குளோரினேற்றரும் இதுவரை தனித்தனி ரைமர்களில் ஓடின. பம்பியின் ரைமர் வெளி மின்சாரத்திலும் குளோரினேற்றரின் ரைமர் இன்வேர்ட்டரிலும் பூட்டப்பட்டிருந்தன. கடந்த மாதம் ஓர் இரவில் இரண்டு மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது முதலாவது ரைமர் நின்றுவிட்டது, மற்றையது தொடர்ந்து சுற்றியது. காலையில் நான் பார்த்தபோது பம்பி ஓடவில்லை, ஆனால் குளோரினேற்றரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளோரீன் உண்டாகும் தகடுகள் இருக்கும் செல்லின் தெளிந்த கூட்டுக்குள் மேற்பாதியில் தண்ணீரே இல்லை. கீழே எஞ்சிய நீரில் தகடுகளைச் சுற்றி நுண்குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தன, கூட்டைத் தொட்டால் சுட்டது.

இப்போது நான்கு றிலேக்கள் (பெட்டியே இயக்கும் மின் சுவிட்சுகள்) கொண்ட தன்னியக்கப் பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு றிலேயிலும் 10 அம்பியர் என்றும், பம்பியின் தகட்டில் 7.2 அம்பியர் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே பம்பியை ஒரு றிலேயிலும் குளோரினேற்றரை இன்னொன்றிலும் நேரடியாக இணைக்கலாமா? கூடவே வந்த, நீர் ஓடும்போது துடுப்பு அசைந்து மூடும் நீரோட்ட சுவிட்சை எங்கே பூட்ட வேண்டும்?

சுன்னாகம் மின்னியலாளர்:

ஐயா, புதிய பெட்டி பூட்டி முடியும்வரை குளோரினேற்றரின் பிரேக்கரைத் தயவுசெய்து இறக்கியே வையுங்கள். உப்பு நீரை மின்பகுக்கும்போது குளோரீனுடன் ஐதரசன் வாயுவும் உண்டாகிறது. நீர் ஓடும்வரை அது குழாய் வழியே தடாகத்துக்குப் போய் வெளியேறிவிடும். ஓட்டம் நின்றால் செல்லின் மேற்பகுதியில் தேங்கும். நீங்கள் கண்ட அந்த வெற்றிடத்தில் இருந்தது பெரும்பாலும் ஐதரசன்தான். ஒரு தீப்பொறி போதும், கூடு வெடித்துவிடும்.

றிலேயில் எழுதியிருக்கும் 10 அம்பியர் வழமையாக ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டர் புறப்படும் கணத்தில், வழமையாக ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தின் ஐந்தாறு மடங்கை இழுக்கும், அதாவது உங்கள் பம்பி கிட்டத்தட்ட 40 அம்பியரை எடுக்கும். நேரடியாக இணைத்தால் ஒரு நாள் றிலேயின் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டி நிறுத்தச் சொன்னாலும் பம்பி நிற்காது. ஆகவே இடையில் ஏசி-3 தரத்தில், அதாவது மோட்டர் சுமைக்கான தரத்தில், 12 அம்பியருக்குக் குறையாத கொன்ராக்டர் (மின்காந்தச் சுருளால் இயங்கும் பெரிய சுவிட்ச்) ஒன்று வேண்டும். பெட்டியின் றிலே அந்தக் கொன்ராக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். அதற்குக் கீழே, மோட்டர் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோட் றிலேயைப் பூட்டிப் பெயர்த்தகட்டின் 7.2 அம்பியருக்கு வைத்து, அதன் 95, 96 முனைகளை (வழமையில் மூடியிருந்து, மிகைச்சுமையில் திறப்பவை) கொன்ராக்டரின் சுருளுடன் தொடராக இணையுங்கள்.

முக்கியமான இடம் இதுதான். குளோரினேற்றருக்கான மின்சாரத்தைப் பிரேக்கர் பெட்டியிலிருந்து தனியாக எடுக்காமல், கொன்ராக்டரின் வெளியீட்டு முனையிலிருந்து, ஓவர்லோட் றிலேக்கு முன்பாக எடுத்து, அதற்கென ஒரு சிறிய பியூஸைப் போட்டு, பெட்டியின் இரண்டாவது றிலே வழியாகக் கொண்டுபோங்கள். அப்போது பெட்டியில் நேரம் பிழைத்தாலும், யாராவது தவறுதலாக அட்டவணையை மாற்றினாலும், பம்பிக்கு மின்சாரம் இல்லாத வேளையில் குளோரினேற்றருக்கும் கிடைக்காது. இன்வேர்ட்டர் இணைப்பை முற்றாக நீக்கிவிடுங்கள்.

நீரோட்ட சுவிட்சை வடிகட்டிக்குப் பின்னால், செல்லுக்கு அண்மையில், நேரான குழாயில் அம்புக்குறி நீரோட்டத் திசையைக் காட்டும்படி பூட்ட வேண்டும். அதன் வயர் பெட்டியின் குறைவோல்ற்றளவு உள்ளீட்டுக்குப் போகவேண்டியது. 230 வோல்ற்றை அதனூடாகச் செலுத்தக் கூடாது. மொத்த இணைப்புக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சும் சரியான எர்த்தும் இல்லாமல் எவரையும் தடாகத்தில் இறங்க விடாதீர்கள்.

காரைநகர் பராமரிப்பாளர்:

மேலே சொன்னவற்றை முழுமையாக ஆமோதிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: நீரோட்ட சுவிட்சை மட்டுமே நம்பாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊறி வருவதால் வன்மை கூடியது. குளோரினேற்றர் ஓடும் தடாகத்தில் பி.எச். தானாகவே ஏறுவதும் சேர்ந்து வெண்படிவு விரைவாகப் பிடிக்கும். நான் பராமரிக்கும் தடாகத்தில் சுவிட்சின் துடுப்பு அந்தப் படிவினால் இறுகி, திறந்த நிலைக்குத் திரும்பாமல் அப்படியே நின்றது. பம்பி நின்ற பின்பும் நீர் ஓடுகிறது என்றே பெட்டி காட்டியது. கொன்ராக்டர் வழியாக மின்சாரம் எடுத்திருந்தபடியால்தான் செல் தப்பியது. பி.எச். அளவை 7.2 இலிருந்து 7.6 வரைக்குள் வைத்துக்கொண்டு, செல்லைக் கழுவும் நாளில் துடுப்பையும் கழற்றிக் கழுவுங்கள். கழுவுவதற்கான அமிலக் கரைசலைக் கலக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும்.

கோப்பாய் வாசகர்:

வேகம் மாற்றக்கூடிய பம்பிக்கும் இந்த முறை பொருந்துமா?

சுன்னாகம் மின்னியலாளர்:

பொருந்தாது. அத்தகைய பம்பிக்கு மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். பெட்டி அதைத் தொடர்பாடல் வயர் மூலமே இயக்கும். ஆகவே மின்சாரம் இருப்பதை வைத்து நீர் ஓடுகிறது என்று கொள்ள முடியாது. பம்பி அனுப்பும் நிலைச் செய்தியும் நீரோட்ட சுவிட்சும் ஒருங்கே ஆம் என்றால் மட்டும் குளோரினேற்றர் ஓடும்படி அமைக்க வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் துடுப்பு அசையாமல் போகலாம் என்பதால், அது உறுதியாக மூடும் வேகத்தைச் சோதித்து அறிந்து, குளோரீன் தயாரிக்கும் நேரத்துக்கு அந்த வேகத்தையே கொடுங்கள்.

நல்லூர் விடுதி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு நேற்று வேலையை முடித்தோம். பம்பி ஓடும்போதே உறிஞ்சு பக்க வால்வை மெதுவாக மூடினோம். சில விநாடிகளில் குளோரினேற்றரின் விளக்கு அணைந்தது. பிறகு வால்வைத் திறந்து, துடுப்பு மூடியிருப்பதாகப் பெட்டி காட்டும்படி அதன் இரு வயர்களையும் சேர்த்து வைத்துவிட்டுப் பம்பியை நிறுத்தினோம். கொன்ராக்டர் விடுபட்ட சத்தத்துடனேயே விளக்கும் அணைந்தது. வயர்களைப் பழையபடி பூட்டி, இரண்டு ரைமர்களையும் கழற்றி எடுத்துவிட்டோம்.